டோக்கன் எண் மோதினால்: டேட்டா ஜாப்களில் சீக்வென்ஸ் பிழையைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் கடலுக்குப் போயின. போய்த் திரும்பிய முதல் பாடு பதினாறாம் தேதி காலையில் கரைக்கு வந்தது. இறால் இறங்கியது, எடை போட்டார்கள், சீட்டு எழுதினார்கள். அன்று ராத்திரி 11 மணிக்குத் தொடங்கிய எங்கள் ஜாப் நாலாவது நிமிடத்தில் விழுந்து கிடந்தது.

நான் பார்ப்பது இறால் வாங்கும் ஒரு கம்பெனியின் கணக்கு வேலை. பாம்பன், மண்டபம், தொண்டி, மூக்கையூர் என்று ஒவ்வொரு கரையிலும் ஒரு லேப்டாப். பகலில் போட்ட எடைச் சீட்டுகளை எல்லாம் ராத்திரி ஒரு ஜாப் இழுத்து, ராமநாதபுரத்தில் இருக்கும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் சேர்க்கும். மண்டபத்துத் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, ஏற்கெனவே இருக்கிற நம்பர்னு சொல்லுது. அஞ்சு தடவை ரீரன் போட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் சொல்லுதுண்ணே."

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சீக்வென்ஸ் என்பது டோக்கன் கட்டு

இந்தக் கரையில் டோக்கன் தெரியாதவர்கள் இல்லை. கடலுக்குப் போகும் விசைப்படகு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். டோக்கன் கொடுப்பவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அடுத்த எண் என்ன. 41 வாங்கிய படகு இன்ஜின் கோளாறில் கரையிலேயே நின்றுவிட்டால் 41 போனது போனதுதான், அடுத்தவருக்கு 42.

டேட்டாபேஸ் சீக்வென்ஸும் அவ்வளவுதான். அது டேபிளைத் திரும்பிப் பார்க்காது. டேபிளில் ஐம்பதாயிரம் வரிசை இருந்தாலும், தன் கையில் இருக்கும் கட்டு 1-இல் நின்றால் 1-ஐத்தான் கிழித்துக் கொடுக்கும். கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்காது, டிரான்ஸாக்ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய கட்டளைத் தொகுப்பு) ரோல்பேக் ஆகி, எழுதியதெல்லாம் ரத்தானாலும் சரி. இந்த இரண்டு குணத்திலிருந்துதான் கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை முளைக்கின்றன.

படி 1: லாகை மேலிருந்து படியுங்கள்

ஜாப் விழுந்ததும் எல்லோரும் லாகின் (ஜாப் எழுதும் பதிவின்) கடைசி வரியைத்தான் பார்க்கிறோம். போஸ்ட்கிரஸில் அது நம்மை ஏமாற்றும். ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் முதல் பிழை வந்ததுமே மீதிக் கட்டளைகள் எல்லாம் "டிரான்ஸாக்ஷன் முறிந்துவிட்டது" என்று 25பி02 என்ற எண்ணோடு திரும்பி வரும். அன்றைக்கு எங்கள் லாகில் இந்த வரிதான் பக்கம் பக்கமாக ஓடியது. நிஜப் பிழை அதற்கு வெகு மேலே, ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தது.

அந்த முதல் பிழையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரஸில் 23505 என்றால் எண் மோதல். 42பி01 என்றால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. 42501 என்றால் அனுமதி இல்லை. 2200எச் என்றால் சீக்வென்ஸின் எண் தீர்ந்துவிட்டது. ஆரக்கிள் டேட்டாபேஸில் இதே நான்கில் மோதல் ஓஆர்ஏ-00001, இல்லாமை ஓஆர்ஏ-02289, தீர்ந்துபோவது ஓஆர்ஏ-08004. ஆரக்கிளில் அனுமதிக்குத் தனி எண்ணை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பயனருக்கு உரிமை இல்லாத சீக்வென்ஸையும் அது "இல்லை" என்றே சொல்லும், 02289 என்று.

23505 வந்தால் எந்தக் கன்ஸ்ட்ரெயின்ட் (டேபிளின் கட்டுப்பாட்டு விதி) என்ற பெயரையும் பாருங்கள். பிரைமரி கீ (வரிசையை அடையாளம் காட்டும் ஐடி) மோதினால்தான் சீக்வென்ஸ் பக்கம் போக வேண்டும். சீட்டு எண் மேல் போட்ட யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் மோதினால் ஒரே சீட்டு இரண்டு தடவை வந்திருக்கிறது. அது வேறு கதை, சீக்வென்ஸைத் தொட வேண்டாம்.

படி 2: மறுபடி ஓட்டி, மோதும் எண்ணைக் கவனியுங்கள்

முதலில் ஒரு எச்சரிக்கை: ஜாப் பாதியிலேயே கமிட் போடுகிறதா (அதுவரை எழுதியதை நிரந்தரமாக்குகிறதா) என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். ஆயிரம் வரிசைக்கு ஒருமுறை கமிட் செய்யும் ஜாப்பை ரீரன் போட்டால் முதல் ஆயிரம் இரண்டு தடவை ஏறிவிடும். மொத்தமும் ஒரே டிரான்ஸாக்ஷன் என்றால் பயமில்லை.

இப்போது தம்பி சொன்னதற்கு வருகிறேன். முதல் தடவை "ஐடி 1 ஏற்கெனவே இருக்கிறது". அடுத்த ரீரனில் 2, பிறகு 3. அவன் ஐந்து ரீரனும் ஓட்டிய பிறகு நான் ஓட்டியபோது 7. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டோக்கனைக் கிழித்து வீணாக்கியது. அடுத்த முயற்சிக்கு அடுத்த எண். ஆக, எண்ணைக் கொடுப்பது டேட்டாபேஸ்தான், அதன் சீக்வென்ஸ்தான் டேபிளுக்குப் பின்தங்கி நிற்கிறது.

மாறாக, எத்தனை தடவை ஓட்டினாலும் அதே எண் மோதுகிறது என்றால், எண்ணைக் கொடுப்பது டேட்டாபேஸ் இல்லை. ஜாப் கருவியோ மூல ஃபைலோ கொடுக்கிறது. அங்கே போய் செட்வேல் (சீக்வென்ஸின் எண்ணை மாற்றி வைக்கும் ஃபங்ஷன்) போட்டால் பிரயோசனமே இல்லை. பலர் இந்த இடத்தில்தான் ஒரு ராத்திரியைத் தொலைக்கிறார்கள். ஒரே ஒரு ரீரனில் இரண்டையும் பிரித்துவிடலாம்.

படி 3: இரண்டு எண்களையும் அருகருகே வையுங்கள்

டேபிளில் ஐடி பத்தியின் மேக்ஸ் (மிகப் பெரிய எண்) எவ்வளவு என்று கேளுங்கள். எங்களுக்கு 48,213. அப்புறம் சீக்வென்ஸையே ஒரு டேபிளைப் போல செலக்ட் செய்யுங்கள். லாஸ்ட் வேல்யூ, ஈஸ் கால்டு என்று இரண்டு பத்திகள் வரும். எங்களுக்கு 7, ட்ரூ. ஈஸ் கால்டு ட்ரூ என்றால் அந்த எண் கொடுத்தாகிவிட்டது, அடுத்தது 8. ஃபால்ஸ் என்றால் அந்த எண் இன்னும் கிழிக்கப்படவில்லை, அதுவேதான் அடுத்தது.

பார்க்க வேண்டும் என்பதற்காக நெக்ஸ்ட்வேல் (அடுத்த எண்ணைக் கொடுக்கும் ஃபங்ஷன்) கூப்பிடாதீர்கள், அதுவும் ஒரு எண்ணைச் செலவழிக்கும். கர்வேல் (கடைசியாக வாங்கிய எண்ணைச் சொல்வது) கூப்பிட்டாலும் உதவாது. அந்த செஷனில் முதலில் நெக்ஸ்ட்வேல் கூப்பிட்டிருந்தால்தான் அது பதில் சொல்லும். இல்லாவிட்டால் போஸ்ட்கிரஸில் 55000, ஆரக்கிளில் ஓஆர்ஏ-08002. பல கனெக்ஷன்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கனெக்ஷன் பூல் வைத்திருக்கும் ஜாப்களில் இந்தப் பிழை திடீர் திடீரென்று வரும். நெக்ஸ்ட்வேல் ஒரு கனெக்ஷனில் போயிருக்கும், கர்வேல் வேறொன்றில் போயிருக்கும். ரிட்டர்னிங் என்று இன்ஸர்ட்டின் முடிவிலேயே கேட்டு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆரக்கிளில் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். யூசர் சீக்வென்ஸஸில் தெரியும் லாஸ்ட் நம்பர் அடுத்து வரப்போகும் எண் அல்ல. சும்மா உருவாக்கினால் ஆரக்கிள் 20 எண்களை முன்கூட்டியே மெமரியில் எடுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கட்டுக்கு அப்பால் உள்ள எண்தான் அங்கே தெரியும்.

எந்த சீக்வென்ஸ் எந்த டேபிளுடையது என்று ஊகிக்கவும் வேண்டாம். போஸ்ட்கிரஸில் பிஜி கெட் சீரியல் சீக்வென்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. டேபிள் பெயரையும் பத்திப் பெயரையும் கொடுத்தால் சொல்லும். நல் (மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி) வந்தால் அந்தப் பத்திக்குச் சொந்தமான சீக்வென்ஸ் இல்லை. அப்போது பத்தியின் டீஃபால்டில் (நாம் மதிப்பு கொடுக்காதபோது தானாக எடுத்துக்கொள்வதில்) என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். யாரோ கையால் செய்த சீக்வென்ஸ் அங்கே இருக்கும்.

படி 4: நேர் செய்வது

ஜாப்பை நிறுத்துங்கள். வேறு யாரும் அந்த டேபிளில் எழுதாமல் பூட்டு (லாக்) போடுங்கள். பிறகு செட்வேலுக்கு சீக்வென்ஸின் பெயரையும் மேக்ஸ் ஐடியையும் கொடுங்கள். எங்களுக்கு 48,213 கொடுத்தேன், அடுத்த எண் 48,214 ஆனது. இரண்டு வரி, அரை நிமிட வேலை.

டேபிள் காலியாக இருந்தால்தான் சிக்கல். மேக்ஸ் நல் ஆகும், செட்வேலுக்கு நல் கொடுத்தால் அது பிழையும் சொல்லாது, எதையும் மாற்றாது, பேசாமல் போய்விடும். நல்லுக்குப் பதில் 0 வைத்தால், குறைந்த எண் 1 என்பதால் எல்லை தாண்டியது என்று திட்டும். ஆகவே கோலெஸ் செய்து (நல்லை 0 ஆக்கி) மேக்ஸுடன் 1 கூட்டி, மூன்றாவது இடத்தில் ஃபால்ஸ் என்று எழுதுங்கள். "இந்த எண் இன்னும் கொடுக்கப்படவில்லை" என்று பொருள். காலி டேபிளுக்கும் நிறைந்த டேபிளுக்கும் அதே வரி போதும்.

செட்வேலும் ரோல்பேக் ஆகாது. தவறாக 482 என்று போட்டுவிட்டு ரோல்பேக் கொடுத்தால் பழைய எண் திரும்பி வரும் என்று நினைக்காதீர்கள்.

படி 5: ஏன் பின்தங்கியது

இதைக் கண்டுபிடிக்காமல் தூங்கப் போனால் அடுத்த வாரம் இதே போன் வரும்.

எங்கள் விஷயத்தில் குற்றவாளி நான்தான். தடைக்காலத்தில் வேலை இருக்காதே என்று ஏப்ரல் கடைசியில் டேட்டாபேஸைப் புது சர்வருக்கு மாற்றினேன். டேபிளைப் புதிதாக உருவாக்கி, பழைய வரிசைகளை சிஎஸ்வி ஃபைலாக எடுத்து காப்பி கட்டளையால் ஏற்றினேன். ஐடி உட்பட எல்லாம் அப்படியே வந்தது. சீக்வென்ஸ் மட்டும் 1-இலேயே நின்றது, ஏனென்றால் அதை யாரும் எண் கேட்கவில்லை. பிஜி டம்ப் (போஸ்ட்கிரஸின் பேக்கப் கருவி) எடுத்திருந்தால் அதில் செட்வேல் வரியும் சேர்ந்தே வந்திருக்கும். சிஎஸ்வியில் வராது. லாஜிகல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது) வழியாக மாற்றுபவர்களுக்கும் இதே கதிதான். போஸ்ட்கிரஸ் பதிப்பு 18 வரை அது வரிசைகளைக் கொண்டுபோகும், சீக்வென்ஸின் எண்ணைக் கொண்டுபோகாது.

சோதித்தேனே! வரிசைகளின் எண்ணிக்கை சரி, மொத்த எடை கிலோ சுத்தமாகச் சரி. ஒரே ஒரு புது வரிசையை இன்ஸர்ட் செய்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடந்ததால் அந்த டேபிளில் ஏப்ரலிலும் மே மாதத்திலும் எழுத எதுவும் இல்லை. பிழையும் படகோடு சேர்ந்து கட்டிக் கிடந்தது.

அதே எண் திரும்பத் திரும்ப மோதும் வகைக்குக் காரணங்கள் வேறு. டேலண்ட் என்ற ஜாப் கருவியில் நியூமெரிக் சீக்வென்ஸ் என்ற ரொட்டீன், இன்னொரு கருவியான பென்டாஹோவில் ஆட் சீக்வென்ஸ் ஸ்டெப்பின் உள் கவுன்டர், இரண்டுமே ஜாப் ஓடும்வரைதான் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு ராத்திரியும் தொடக்க எண்ணிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். முதல் நாள் அழகாக ஓடிவிட்டு இரண்டாம் நாள் விழும் ஜாப்பைக் கண்டால் இதைத்தான் சந்தேகிப்பேன். பென்டாஹோவின் அதே ஸ்டெப்பில் டேட்டாபேஸ் சீக்வென்ஸைப் பயன்படுத்தும் வசதியும் இருக்கிறது, அதற்கு மாற்றுங்கள். இன்ஃபர்மேட்டிகாவின் சீக்வென்ஸ் ஜெனரேட்டர் தன் எண்ணை ரெபாசிட்டரியில் நினைவில் வைத்திருக்கும். சோதனை இடத்திலிருந்து நிஜ இடத்துக்கு இம்போர்ட் செய்யும்போது எந்த இடத்து எண் மிஞ்சும் என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

என் விருப்பம் இன்னும் எளிது: மேப்பிங்கிலிருந்து ஐடி பத்தியையே எடுத்துவிடுங்கள், டேபிளின் டீஃபால்ட் பார்த்துக்கொள்ளும். பத்தியை வைத்துக்கொண்டு நல் அனுப்புவது கூடாது. நல் என்று வெளிப்படையாக அனுப்பினால் டீஃபால்ட் வேலை செய்யாது, 23502 வரும்.

அப்புறம் கரைகள். பாம்பன் லேப்டாப்பிலும் 1 முதல் சீட்டு, தொண்டி லேப்டாப்பிலும் 1 முதல் சீட்டு. நெட்வொர்க் இல்லாத நேரத்திலும் எழுத வேண்டும் என்பதால் அப்படித்தான் இருக்க முடியும். இந்த எண்களை மையத்தின் பிரைமரி கீயாக ஆக்கினால் மோதாமல் என்ன செய்யும்? கரைக் குறியீடு ஒரு பத்தி, கரையின் சீட்டு எண் ஒரு பத்தி, இரண்டும் சேர்ந்து யூனிக். மைய ஐடி தனியாக மையத்தின் சீக்வென்ஸிலிருந்து. பாம்பனுக்கு 1, 11, 21, தொண்டிக்கு 2, 12, 22 என்று பத்துப் பத்தாகத் தாவ வைக்கும் வழியும் உண்டு. பதினோராவது கரை திறக்கும் நாளில் அது கழுத்தைப் பிடிக்கும் என்பதால் எனக்கு அதில் மனம் இல்லை.

புதிய டேபிள் செய்பவர்கள் சீரியலை (தானாக எண் போடும் பழைய பத்தி வகையை) விட்டுவிட்டு, போஸ்ட்கிரஸ் பதிப்பு 10 முதல் இருக்கும் ஐடென்டிட்டி பத்தியில் "ஆல்வேஸ்" வகையைப் போடுங்கள். யாராவது இன்ஸர்ட்டில் தாங்களே ஐடி கொடுத்தால் 428சி9 என்று அங்கேயே கதவைச் சாத்தும். காப்பி கட்டளைக்கு மட்டும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, அது கொடுத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

"இல்லை" என்றும் "அனுமதி இல்லை" என்றும் வந்தால்

பெயர்ச் சிக்கலில் பெரிய மர்மம் கிடையாது. மேற்கோள் இல்லாமல் எழுதிய பெயரை போஸ்ட்கிரஸ் சின்ன எழுத்தாக்கும், ஆரக்கிள் பெரிய எழுத்தாக்கும். ஜாப் கருவி தானாக மேற்கோள் போட்டு அனுப்பினால் எழுத்து அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். அடுத்தது ஸ்கீமா, அதாவது டேபிள்களைப் பிரித்து வைக்கும் பெயர்ப் பிரிவு. உங்கள் கணக்கில் ஓடுகிறது, ஜாப்பின் கணக்கில் ஓடவில்லை என்றால் சர்ச் பாத் (எந்தெந்த ஸ்கீமாவில் தேடுவது என்ற பட்டியல்) வேறாக இருக்கும். சீக்வென்ஸ் பெயருக்கு முன்னால் ஸ்கீமா பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

அனுமதியில் தடுக்கி விழுவது இப்படி: டேபிளில் இன்ஸர்ட் உரிமை கொடுத்திருப்போம், சீரியல் பத்தியின் சீக்வென்ஸுக்கு யூசேஜ் உரிமை கொடுத்திருக்க மாட்டோம். இரண்டும் தனித்தனி. ஐடென்டிட்டி பத்தியில் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை.

எண் தீர்ந்துபோவது

சாதாரண சீரியலின் உச்சம் 2,14,74,83,647. நம் ஊர் இறாலுக்கு இது எங்கே தீரப்போகிறது என்று தோன்றும். ஆனால் ஆன் கான்ஃப்ளிக்ட் (மோதினால் விட்டுவிடு அல்லது புதுப்பி) போட்டு எழுதும் ஜாப், புது வரிசை சேராவிட்டாலும் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண்ணைக் கிழித்துவிடும். 40,000 வரிசையுள்ள விலைப்பட்டியலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முழுதாக அனுப்பினால் ஒரு நாளில் 1,15,20,000 எண்கள் போகும். 186 நாளில் கட்டு காலி. டேபிளில் அப்போதும் 40,000 வரிசைதான் இருக்கும்! தீர்ந்த பிறகு பத்தி, சீக்வென்ஸ் இரண்டையும் பிக்இன்ட்டாக (இன்னும் பெரிய எண் வகையாக) மாற்ற வேண்டும். பத்தியை மாற்றும்போது டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படும், அதுவரை பூட்டிக் கிடக்கும். ஏலம் நடக்கும் காலை நேரத்தில் இதில் கை வைக்காதீர்கள்.

எண் விட்டுப்போனால் பிழையில்லை, எண்ணை நம்பி இழுத்தால் பிழை

கணக்குப்பிள்ளைகள் கேட்பார்கள்: "48,260-க்கு அப்புறம் 48,293 வந்திருக்கே, நடுவுல 32 சீட்டு எங்க?" எங்கும் போகவில்லை. போஸ்ட்கிரஸ் கிராஷ் ஆகி எழுந்தால் 32 எண்கள் வரை தாண்டும். ஆரக்கிளில் மெமரியில் இருந்த கட்டு ரீஸ்டார்ட்டில் போகும். இடைவெளியே இருக்கக் கூடாத பில் எண் வேண்டுமென்றால் சீக்வென்ஸ் அதற்கான பொருளே அல்ல. தனி டேபிளில் கடைசி எண்ணை வைத்து, லாக் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். வேகம் குறையும், வேறு வழி இல்லை.

இன்னொன்றுதான் பிழைச் செய்தியே காட்டாமல் காசைத் தின்னும். "கடைசியாக எடுத்த ஐடிக்கு மேல் உள்ளதை மட்டும் எடு" என்று ஜாப் எழுதுவது வழக்கம். 41 டோக்கன் வாங்கிய படகு 42 வாங்கிய படகுக்குப் பின்னால் கரை திரும்பலாம் அல்லவா? அதேதான் இங்கும். மையத்து டேபிளில் 5011 வாங்கிய சீட்டு, நீளமான பில் என்பதால் கமிட் ஆகாமல் திறந்தே இருக்கிறது. 5012 உடனே கமிட் ஆகிவிட்டது. 11 மணிக்கு வந்த அறிக்கை ஜாப் 5012 வரை எடுத்துக்கொண்டு, கடைசி எண் 5012 என்று எழுதிவைத்துப் போகிறது. 11:02-க்கு 5011 கமிட் ஆகிறது. அதை இனி எந்த ஜாப்பும் எடுக்காது. மாதக் கடைசியில் ஒரு படகின் ஒரு நாள் இறால் கணக்கில் இல்லை என்று படகுக்காரர் வந்து நிற்பார். நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும்.

இதற்கு நான் செய்வது: ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசி எண்ணிலிருந்து தொடங்காமல் ஆறு மணி நேரம் பின்னால் போய் மறுபடி எடுக்கிறேன். கரைக் குறியீடும் சீட்டு எண்ணும் சேர்ந்த யூனிக் இருப்பதால், ஏற்கெனவே வந்தவை இரண்டாவது தடவை ஏறாது. கொஞ்சம் வீண் வேலைதான், ஆனால் சீட்டு தவறாது. ஆறு மணி நேரம் என்பது எங்கள் டிரான்ஸாக்ஷன்களின் நீளத்துக்குப் போதும். உங்களுடையது அதைவிட நீளமென்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.

தினமும் ஒரு பார்வை

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் போல ஒரு சின்னச் சோதனையை ஜாப்பின் முதல் ஸ்டெப்பாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டேபிளுக்கும் மேக்ஸ் ஐடியையும் சீக்வென்ஸின் எண்ணையும் எடுத்து, சீக்வென்ஸ் பின்தங்கியிருந்தால் ஜாப் தொடங்காமலே எனக்கு எஸ்எம்எஸ் வரும். உச்சத்தில் எழுபது சதவீதம் தாண்டினாலும் வரும், ஆனால் ஜாப் நிற்காது. தானாக செட்வேல் போட்டு நேர் செய்யும்படி அதை எழுதலாம்தான். எழுதவில்லை. யாரோ கையால் ஐடி போட்டு எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

ஜூலையில் ஒருநாள் அந்த எஸ்எம்எஸ் வந்தது. விடுபட்ட மூன்று சீட்டுகளை மண்டபத்துத் தம்பி கையாலேயே சேர்த்திருக்கிறான், மேக்ஸுக்கு மேல் ஐடி போட்டு. "நீங்க சொன்ன மாதிரி அடுத்த நம்பர்தானே போட்டேன் அண்ணே" என்றான். அவனுடைய கணக்கிலிருந்து அந்த டேபிளின் இன்ஸர்ட் உரிமையை எடுத்துவிட்டு, சீட்டு சேர்க்க ஒரு ஃபார்ம் செய்து கொடுத்தேன்.